படியோரப் பாட்டு

"மாமா, உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?"

வீட்டுக்காரம்மாவின் மகள் அப்படிக் கேட்டதிலிருந்து தபால்காரர் யோடலிங் பழகுவதை நிறுத்திவிட்டார். அடிக்குரலிலிருந்து உச்சிக்குத் தாவ வேண்டிய பாட்டு அது. அவர் தாவினால் அலறல்தான் வந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மாவே, மொட்டைமாடிப் படியோரம் இருந்த அவருடைய அறை வாசலில் வந்து நின்றாள். காலி பண்ணச் சொல்லப் போகிறாள் என்று அவர் முந்திக்கொண்டார்.

"இனிமே கத்த மாட்டேம்மா!"

"ஐயோ, கத்துங்க சார்! கண்ணு தெரியாத எங்கப்பா சாயங்காலம் மொட்டைமாடியில நடக்கிறாரே, உங்க சத்தத்தை வெச்சுத்தான் படி இருக்கிற பக்கம் திரும்புவார். நேத்து வழி தெரியாம சுவத்துல முட்டிக்கிட்டார்."

தபால்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன மாதம் அவர் காய்ச்சலில் கிடந்தபோது, சுவரைத் தடவித் தடவி வந்து தினமும் வெந்நீர் கொடுத்தவர் அந்தப் பெரியவர். "பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, வெந்நீரோட படியேறினேன்னு திட்டுவா" என்றிருந்தார்.

தபால்காரர் இப்போதும் சொல்லவில்லை. அன்று மாலை, பெரியவரின் கைத்தடி படியைத் தொடும்வரை, சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று விடாமல் அலறினார்.