மூன்றாவது அழைப்பு

கல்லூரிகள் விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்த வரிசையிலேயே ஆண்டுதோறும் அவற்றின் பெயர்களை அழைப்பார்கள். அணித்தலைவர் எழுந்து "இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை அழைத்தும் பதில் இல்லையென்றால் உறுப்பினர் உரிமை போய்விடும். கூட்டமைப்பு கொடுத்தவையெல்லாம் அன்று மாலை ஆறு மணிக்கு நின்றுவிடும்.

எஸ்தரின் இயந்திர இதயமும் கூட்டமைப்பு கொடுத்ததுதான். படிக்கும்போது நானூறு மீட்டர் ஓட்டத்தில் சுருண்டு விழுந்தவளுக்குப் பொருத்தியது.

டிவியில் அவள் கல்லூரியின் பெயர் ஒலித்தது. அணித்தலைவியின் நாற்காலி காலியாக இருந்தது.

"அந்தப் பிள்ள எங்க போச்சு?" என்று பதறினார் கணவர் தாவீது.

"வார்ம்-அப் பண்ணப் போயிருக்கும்ங்க. கேப்டனா இருந்தப்ப நானும் அப்படித்தான் போனேன். கடைசி அழைப்புக்குத்தான் ஓடி வந்தேன். அன்னிக்கு என்னை மாதிரி எவ தன் வீட்டுல உக்காந்து பாத்துட்டிருந்தாளோ."

இரண்டாவது அழைப்பு. மூன்றாவது அழைப்பு. நாற்காலி அப்படியே இருந்தது.

அடுத்த கல்லூரியின் பெயரை அழைத்தார்கள். "இருக்கிறோம்!" என்று யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள்.

தாவீது டிவியை அணைத்தார். மணி நாலரை.

"சன்னலையும் சாத்துங்க" என்றாள் எஸ்தர், நெஞ்சில் கை வைத்தபடி. "தெருச் சத்தத்துல இது ஓடுறது கேக்க மாட்டேங்குது."