எழுந்திருக்காத விருந்தாளி

ரயில்வே அலுவலகத் தலைவர் லுவோ தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். "விருந்தாளி கிளம்புறாங்கோ!" என்று வாசலில் நின்ற சேவகன் குரல் கொடுத்தான்.

வீட்டுக்காரர் கோப்பையைத் தூக்கினாலும் சரி, விருந்தாளி தன் கோப்பையைத் தொட்டாலும் சரி, பேச்சு முடிந்தது என்று அர்த்தம். சீனத் தலைநகர் பீக்கிங்கில் இது கழுதை ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

ஜெர்மன் வங்கியின் ஆள் பிராண்ட்னருக்கு மட்டும் தெரியவில்லை போலிருக்கிறது. பதினெட்டு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டிய மனுஷர், நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து அறையில் ஆங்கிலேய வங்கிக்காரர் காத்திருந்தார். தெற்கே போகும் ரயில் பாதைக்கு யார் கடன் கொடுப்பது என்று இருவருக்கும் போட்டி. ஜெர்மன்காரரோ மாகாணத்து உப்பு வரியையே ஈடாகக் கேட்டார். அதற்குத் தலையாட்டினால் லுவோவின் பதவி மட்டுமல்ல, தலையும் போய்விடும்.

"வெயில் ஏறுதே, துரை" என்றார் லுவோ, கோப்பையும் கையுமாக.

"ஏறட்டுமேங்க. தலைமைப் பொறியாளர் எங்க ஆளா இருக்கணும்னு கேட்டேனே, அதை விட்டுடறேன். உக்காந்து பேசுவோம்."

எழுத்தர் யின் பத்திரத்தில் அந்த நிபந்தனையை அடித்துவிட்டார். லுவோ கொஞ்சம் பேசினார், இருமினார், மறுபடியும் கோப்பையைத் தூக்கினார். சேவகன் தொண்டை கிழியக் கத்தினான்.

"சரிங்க, கணக்குப் பார்க்கவும் எங்க ஆள் வேண்டாம்!" என்றார் பிராண்ட்னர். அவர் முன்னால் இருந்த தேநீர் ஒரு வாய்கூடக் குறையாமல் ஆறிப்போயிருந்தது.

யின்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மரமண்டையா!

மூன்றாவது முறை கோப்பை லுவோவின் உதட்டருகே போனது. பிராண்ட்னர் அவசரமாகக் கையை நீட்டினார்.

"உப்பு வரியும் வேண்டாங்க! ரயில் வருமானமே ஈடா இருக்கட்டும். இப்பவே முத்திரை போட்டுடுங்க."

லுவோ கோப்பையைக் கீழே வைத்தார். முத்திரை விழுந்தது. பக்கத்து அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டே போனார் ஜெர்மன்காரர்.

யின்னால் பொறுக்க முடியவில்லை. "பதினெட்டு வருஷமா இங்க இருக்கான், நம்ம பழக்கம் ஒண்ணுகூடத் தெரியலையே! உங்களை என்ன பாடு படுத்திட்டான், ஐயா!"

லுவோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அவன் தன் கோப்பையைத் தொட்டானா, பாரு! தெரியாதவன்னா நான் எதுக்குய்யா மூணு தடவை தூக்கறேன்?"