பகல் பத்து மணிக்குத் துருவன்

பகல் பத்து மணிக்கு நட்சத்திரம் காட்டுவது என் தொழில்.

தாலி கட்டி ஏழடி நடந்து முடிந்ததும் தம்பதிகளை வெளியே அழைத்துவந்து, வடக்கே கையை நீட்டி, அதோ துருவன் என்பேன். தெரிகிறதா என்று கேட்பேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும். தெரிகிறது என்பார்கள். தெரியவில்லை என்று இதுவரை ஒருவர்கூடச் சொன்னதில்லை. பந்திக்கு இலை போட்டுவிட்ட நேரத்தில் வம்பு வளர்க்க யாருக்கு மனசு வரும்?

கார்வேட்டிநகரத்தில் அன்றும் அப்படித்தான் கோயில் மண்டபத்தை விட்டு வெளியே வந்து படியில் நின்றோம்.

மாப்பிள்ளை தணிகாசலம். ஸ்ரீ சிட்டியில் ஏதோ கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பெண் ஷோபா. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் விட்டுவிட்டுப் போனபோது கையில் ஒரு பெண் குழந்தை. கீர்த்தி என்று பெயர். நாலு வயசு.

குழந்தை மண்டபத்தில் இல்லை. தாய் கல்யாணத்தைப் பிள்ளை பார்க்கக் கூடாதாம். எதிரே, வடக்குப் பக்கம் புளியமரத்தடியில் நின்ற வேனில் சித்தியோடு உட்கார வைத்திருந்தார்கள். எந்தச் சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவுமில்லை.

அதைவிடப் பெரிய விஷயத்தை ஷோபாவின் அம்மா பொன்னியம்மாள் முகூர்த்தத்துக்கு முன்பே எல்லார் முன்னிலையிலும் பேசி முடித்துவிட்டாள்.

"இவ மொதல்ல போய்க் குடும்பம் பண்ணட்டும். பாப்பா எங்கூடவே இருந்துக்கினு இருக்கட்டும்."

மாப்பிள்ளை வீட்டார் தலையை ஆட்டினார்கள். தணிகாசலம் பொதுவாகவே வாய் திறக்கிற ஆள் இல்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஷோபா மட்டும் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. குனிந்த தலை, தாலி ஏறும்போதும் நிமிரவில்லை. மணையில் அழுத பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அழாமல் உட்கார்ந்திருந்த இவளைப் பார்த்தபோதுதான் எனக்கு மந்திரத்தில் ஒரு வரி தவறியது.

படியில் நின்று வழக்கமான கதையை ஆரம்பித்தேன்.

வானத்தில் மற்றதெல்லாம் சுற்றும், துருவன் மட்டும் இடம் விட்டு நகரமாட்டான். அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் கப்பல் ஏறினவர்களும், காட்டு வழியே திருமலைக்கு நடந்தவர்களும் அவனைப் பார்த்துத்தான் திசை கண்டார்கள். எங்கள் பக்கத்தில் அவன் உச்சியில் இருக்கமாட்டான். வடக்கே மரத்தலைக்குச் சற்று மேலே, தாழ்வாகத்தான் நிற்பான்.

அவன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான்? அப்பா மடியில் உட்கார ஆசைப்பட்ட பிள்ளை அவன். இது உன் இடமில்லை, இறங்கு என்று சிற்றன்னை...

அங்கே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன கதை. யார் முன்னால் சொல்கிறோம் என்று வாய் பார்க்கவில்லை. ஷோபாவின் சுண்டுவிரல் மாப்பிள்ளையின் சுண்டுவிரலில் கோத்திருந்தது. அது இறுகியது எனக்கே தெரிந்தது. பிடித்திருந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

பெருமாள் வந்து, யாரும் இறக்கிவிட முடியாத ஓர் இடத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார் என்பது மீதிக் கதை. அதை விழுங்கிவிட்டு வடக்கே கையை நீட்டினேன். துருவன் தெரிகிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

எப்போதும் பதில் சட்டென்று வந்துவிடும். தணிகாசலம் வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். இலை காய்கிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"தெரியுது சாமி. ரொம்பத் தாழ்வா கீது. போய்த் தூக்கிக்கினு வந்துர்றேன்."

விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு படியிறங்கினான். சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு புளியமரத்தைப் பார்த்து நடந்தான்.

அவன் அவ்வளவு நேரம் பார்த்தது வானத்தை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒரு சின்ன முகம் இருந்தது.

பொன்னியம்மாள் பதறிப்போய், பிள்ளை பார்க்கக் கூடாதே சாமி என்றாள். தாலிதான் ஏறிவிட்டதே, இனிமேல் பார்க்கலாம் என்றேன். அதுவும் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நின்றான். பாப்பாவின் துணிமணியையும் வேனில் வைத்துவிடுங்கள், எங்களோடு வரட்டும் என்று மாமியாரிடம் சொன்னான். காலையிலிருந்து அவன் இத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்கவில்லை. மாலைப் பூ மூக்கில் உரசிக் குழந்தை தும்மியது.

சடங்குப்படி அடுத்தது பெண்ணைக் கேட்க வேண்டும், துருவன் தெரிகிறதா என்று. ஷோபா தலை நிமிர்ந்து நின்றாள். கண் நிறையத் தண்ணீர். நான் கேட்கவில்லை.

பிறகு ஆசீர்வாதத்துக்கு இருவரும் மணையில் உட்கார்ந்தார்கள். குழந்தை அவன் மடியில் இருந்தது. நான் அட்சதையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருமுறை சுற்றிப் பார்த்தேன்.

இறங்கு என்று யாரும் சொல்லவில்லை.