மூச்சைப் பிடித்தவள்

அப்பாவின் நுரையீரலில் தழும்பு பரவுகிறதா என்று ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம், ஸஹானா கதவுக்கு வெளியே நின்றிருப்பாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று உள்ளே இயந்திரம் சொன்னதும் தானும் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் தழும்பு கூடியே இருந்தது.

இம்முறை டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தழும்பே காணோம் சார். தோள்பட்டையில பிளேட் எப்போ வெச்சீங்க?"

"எனக்கு இல்ல டாக்டர். வண்டியில விழுந்து வெச்சுக்கிட்டது இந்த மகராணி."

அப்பா சிரித்தார். ஸஹானா அந்த ஸ்கேன் அறைக்குள் போனதே இல்லை.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் அப்பா விறுவிறுவென்று ஏறி, உச்சியிலிருந்து கூப்பிட்டார்.

"என்னம்மா, ட்ரெயின் வந்துடுச்சு."

ஸஹானா நான்காம் படியில் கைப்பிடியைப் பற்றியபடி, பதில் சொல்ல மூச்சு சேரட்டும் என்று காத்திருந்தாள்.