தவளைக்கு ஒரு பதில்

“இந்தத் தவளை யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!” என்று மேஜையைத் தட்டினார் டைரக்டர் செர்மேன்யோ. எதிரே குமாஸ்தா எரிபெர்த்தோ அந்த மனுவோடு நின்றார்.

வடக்கு மெக்ஸிகோவின் அந்தச் சின்ன ஊர்க் குடிநீர் வாரியத்துக்கு வந்திருந்த தகவல் உரிமை மனு அது. எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது; ஜனங்களும் வாய்க்கு வந்த பெயரில் கேட்கிறார்கள். இதில் பெயர், ‘தாகமெடுத்த தவளை’. கேள்வி ஒரே வரிதான்: ‘நான்காம் எண் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பதாக ஆய்வறிக்கை ஏதும் உண்டா?’

“எவனோ பத்திரிகைக்காரன்தான் சார்,” என்றாள் பக்கத்து சீட் மெச்சே. “போன மாசம் ‘மொட்டைக் கழுதை’ன்னு ஒருத்தன் கேட்டான். இந்த மாசம் தவளை. அடுத்து முதலையே வரும் பாருங்க!”

டைரக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. “தேர்தல் முடியற வரைக்கும் ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக் கூடாது. வழக்கமான பதிலை எழுதி அனுப்புங்க.”

வழக்கமான பதில் எரிபெர்த்தோவுக்குத் தூக்கத்தில்கூட வரும். ‘காப்பகம் முழுவதும் தேடிப் பார்த்தோம். அப்படி ஓர் ஆவணம் எங்களிடம் இல்லை.’ கீழே கமிட்டியார் மூன்று பேர் கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. ஆக, இல்லாத காகிதத்துக்கும் அங்கே முத்திரை குத்திய காகிதம் உண்டு.

அறிக்கையோ அவருடைய மேஜை டிராயரிலேயே கிடந்தது. அதிலிருந்த ஆர்சனிக் விஷத்தின் அளவை ஒரே ஒரு தடவைதான் படித்தார். அப்புறம் அந்த டிராயரைத் திறக்கவே பயமாக இருந்தது.

எழுதும்போது கை கூசத்தான் செய்தது. என்ன செய்ய? போன வருடம் பம்ப் ஆபரேட்டர் ஒருத்தர் ஆபீஸ் விஷயம் ஒன்றை மச்சினியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாள் ஊரே பேசியது. அந்த வாரமே அவருக்குச் சீட்டைக் கிழித்து, ரகசியத்தை வெளியே விட்டதாக வழக்கும் போட்டார்கள். எரிபெர்த்தோ ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம்.

ஆனால் பெற்ற மனசு கேட்குமா? ஒரே மகள் யாதிரா வாழ்க்கைப்பட்டுப் போனது அந்த நாலாம் கிணற்றுப் பகுதிக்குத்தான். ஆறு வருடம் காத்திருந்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை, ஆறாவது மாதம். வாரா வாரம் திங்கட்கிழமை அவள் வீட்டுக்குத் தண்ணி கேன் போய்விடும்படி எரிபெர்த்தோ ஏற்பாடு செய்திருந்தார்.

“எதுக்குப்பா இந்தக் கேன்? குழாய்ல என்ன கோளாறு?” என்று அவள் நச்சரிப்பாள்.

“குடிக்கச் சொன்னா குடியேம்மா. ஊர்ப்பட்ட கேள்வி கேட்காதே.”

அவளிடம் உண்மையைச் சொன்னால் போச்சு. அடுத்த நிமிஷம் தெருவில் இறங்கி எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள்.

பதில் போய்ச் சேர்ந்தது. தவளையிடமிருந்து மேல்முறையீடு எதுவும் வரவில்லை. டைரக்டருக்கு நிம்மதி, எரிபெர்த்தோவுக்கும் நிம்மதி.

சில வாரம் கழித்துக் கேன்காரன் வழியில் நிறுத்தினான். “உங்க பொண்ணு வீட்டுல காலி கேனே இல்ல சார். பக்கத்து வீட்டு அக்காதான் எடுத்துக் கொடுத்தாங்க.”

வயிற்றுப் பிள்ளைக்காரி, தூக்க முடியாமல் அங்கே வைத்திருப்பாள் என்று எரிபெர்த்தோ தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

எட்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சூடான தமாலே, அதாவது சோளமாவுக் கொழுக்கட்டைப் பொட்டலத்தோடு மகள் வீட்டுக்குப் போனார். “அப்பா, வாங்க வாங்க!” என்று மூச்சு வாங்க வந்தாள் யாதிரா. இரண்டை நின்றபடியே தின்றாள், விக்கல் எடுத்தது. சமையலறைக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து, மடமடவென்று குடித்தாள்.

“ஐயோ, என்னம்மா பண்றே! கேன் எங்கே?”

“ஏம்ப்பா இப்படிக் கத்துறீங்க? கேனைப் பக்கத்து வீட்டுச் சாயோ அக்காவுக்குக் கொடுத்திடறேன். பாவம், நாலு பிள்ளைங்க. ரெண்டு மாசமா எனக்குக் குழாய்த் தண்ணிதான்.”

எரிபெர்த்தோ டம்ளரைப் பிடுங்கிக் கவிழ்த்தார். “நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேனே...”

“காரணம் சொன்னீங்களா? ஊருல ஆர்சனிக், அது இதுன்னு பேசிக்கிட்டாங்க. நானும் கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிடலப்பா, முதல்ல மனு போட்டுக் கேட்டேன். என் பேரு தெரிஞ்சா உங்களுக்குத்தானே தலைவலின்னு புனைபேர்ல கேட்டேன்.”

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினாள். மூன்று கையெழுத்து, வட்ட முத்திரை. அதற்கு மேலே இருந்த வரிகளைப் படிக்க எரிபெர்த்தோவுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

“தண்ணில கெடுதல் இருக்கறதா ஒரு காகிதம்கூடக் கிடையாதாம். தேடிப் பார்த்துட்டே சொல்லியிருக்காங்க. அப்புறம் என்ன பயம்?” என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

 ஓய்வு, வழக்கு, டைரக்டர், எதுவும் இப்போது எரிபெர்த்தோவுக்கு ஞாபகத்தில் இல்லை. “அதை நம்பாதேம்மா...” என்று மட்டும் குழறினார்.

யாதிரா கலகலவென்று சிரித்தாள்.

“நீங்க வேலை பார்க்கிற ஆபீஸ் பொய் சொல்லுமாப்பா?”