பகல் தறி

கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் மரியஅந்தோணி உள்ளே பேசுவது வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்டது.

கேள்வி கேட்கிற ஆபீசர்களின் குரல் வரவில்லை. இவர் சொல்கிற பதில் மட்டும்தான் வந்தது.

"வணக்கமுங்க!"

காத்திருந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். நகராட்சியில் குடிதண்ணீர் திறந்துவிடும் வேலை. ஒரே ஒரு இடம். எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று போட்டிருந்ததால் வராந்தா நிறைய ஆள்.

"ஏனுங்கக்கா, உள்ள ஏதாச்சும் சண்டைங்களா?" என்று பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

"சண்டையெல்லாம் இல்ல கண்ணு. எங்கூட்டுக்காரரு. தறி ஓட்டறவரு. மெல்லத்தான் பேசிட்டிருக்கறாரு," என்றாள் அருளாயி.

தறிக்குடோனிலேயே பாதி ஆயுசு போனவருக்கு மெல்ல என்றால் அவ்வளவுதான். வீட்டுக்குள் அவர் ரகசியம் சொன்னால் தெருமுனை மளிகைக்கடைக்காரர் பதில் சொல்வார்.

எதிரே இருந்த சுப்பண்ணன், தானும் அதே வேலைக்கு வந்தவர், தலையை ஆட்டினார். "இவருக்கே குடுத்துரலாமுங்க. ஒரு சத்தம் போட்டாப் போதும், தெரு முச்சூடும் கொடத்தோட வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அருளாயியும் சிரித்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நீ எதுக்கு என்று அவர் கேட்டதற்கு, சும்மா துணைக்குத்தான் என்றிருந்தாள்.

"மக்களுக்குத் தொண்டு செய்யோணும்னு ஆசைங்க!"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற வழியெல்லாம் சொல்லிப் பழக்கிய பதில்.

உள்ளே அடுத்து என்ன கேட்டார்களோ.

"நெசத்தைச் சொல்லிப்போடட்டுங்களா?"

வேண்டாம் வேண்டாம் என்று அருளாயி மூடின கதவைப் பார்த்துக் கையை ஆட்டினாள், தறிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் ஆட்டுகிற மாதிரி.

"நானும் எம்பட சம்சாரமும் ஒரே குடோனுங்க. ஒரே தறிங்க. அவ பகலு, நான் ராத்திரி. அவ உள்ள வாரப்ப நான் வெளிய போவேனுங்க. பாப்பா சின்னதா இருக்கையில, ஆராச்சும் ஒருத்தரு ஊட்டுல இருக்கோணுமேன்னு அப்படி வாங்கின ஷிப்டு. பாப்பாவைக் கோபிப் பக்கம் கட்டிக்குடுத்தும் ஆச்சு. ஷிப்டு மாறலீங்க. பகல்ல எடம் காலியில்லேன்னு ஓனரு சொல்லிப்போட்டாரு."

சுப்பண்ணன் சிரிக்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"அவ ஆக்கி வெச்ச சோத்தை நான் திம்பேன். நான் மடிச்சு வெச்ச போர்வைய அவ போத்திக்குவா. ஞாயித்துக்கெழமை ஒரு நாளு ஒண்ணா இருப்போம். அன்னிக்கும் பூசையில ரெண்டு பேரும் தூங்கி உழுந்துருவோமுங்க. இந்த வேலைன்னா பொழுதோட ஊடு போய்ச் சேரலாம்னாங்க. எதிரெதிரா வட்டலை வெச்சு ராத்திரிச் சோறு ஒருக்காத் திங்கோணும். அதுக்குத்தானுங்க வந்தேன்!"

பக்கத்தில் இருந்த பெண் அருளாயியைத் திரும்பிப் பார்த்தாள்.

அருளாயிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அவளிடம் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. தறி நிற்காது, ஆள் மட்டும்தான் மாறும். மாறுகிற நேரத்தில் எந்த இடத்தில் நூல் அறுகிறது என்று கையால் காட்டிவிட்டுப் போவார். அதுதான் பேச்சு. இன்றைக்கு என்னடாவென்றால் ஊரே கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் நேராக அவளிடம் வந்து குனிந்தார். காதோடு காதாகக் கேட்டார்.

"மெல்லத்தான் சொன்னேன் புள்ள. வெளிய ஒண்ணும் கேட்டிருக்காதல்ல?"

"ஒரு சொல்லுகூடக் கேக்கலீங்க," என்றாள்.

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும், ஆமாம் கேட்கவில்லை என்று தலையாட்டினார்கள்.

அவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

பியூன் எட்டிப்பார்த்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். "அருளாயி! அருளாயி யாருங்க?"

மரியஅந்தோணி சுற்றும்முற்றும் பார்த்தார். "இந்தா, உம்பட பேருல இன்னொருத்தி வந்திருக்கறா பாரு," என்று சிரித்தார்.

அருளாயி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அதே வேலைக்குத் தானும் மனுப் போட்டதை அவள் அவரிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால், உனக்கே இருக்கட்டும் என்று தன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அந்த மனுஷனை அவளுக்குத் தெரியாதா.

முதுகுக்குப் பின்னால் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட அம்மா இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார். புருஷன் பெயர் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார்.

"நீங்க எதுக்கும்மா இந்த வேலைக்கு வரணும்கறீங்க?"

மக்களுக்குத் தொண்டு செய்ய என்று சொல்லத்தான் அருளாயி வாயெடுத்தாள். அது வரவில்லை.

"எனக்குக் கெடைச்சா, அங்க எம்பட பகல் தறி காலியாகுமுங்க," என்றாள். "அதுல அவரு நின்னுக்குவாரு."