மேசை நிறையச் சாமான்

"அந்தப் பிளாஸ்டிக் உறையக் கழட்டுங்க மாமி. இல்லாட்டிப் போர்வையில இருக்கிற பூ படத்துல விழாது."

"கழட்ட வேணாம் மனே. அப்பிடியே எடு" என்றார் சபூறா, பதறிப்போய்.

ஸலாஹுதீனுக்குச் சிரிப்பு வந்தது. அரபு நாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் கொரியாப் போர்வையை இந்தக் கல்முனை வெக்கையில் யார்தான் போர்த்துகிறார்கள்? எல்லாம் பார்க்கத்தான்.

போர்வைக்குப் பக்கத்தில் கசட் ரேடியோவையும் சுடுதண்ணிப் போத்தலையும் நிறுத்தினான். நடுவில் வெற்றிலை வைக்கும் பித்தளை வட்டா. ஆட்களைவிடச் சாமான்களைப் படம் பிடிப்பது சுகம், கண்ணை மூடித் தொலைக்காது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டவென்று இப்படி எத்தனையோ மேசைகளை எடுத்திருக்கிறான்.

"கடிதத்தோட மடியாமப் போற அளவுல கழுவித் தா மனே."

"ஓம் மாமி."

வட்டாவைத் திருப்பி வைக்கத் தூக்கினான். அடியில் 'சீனிமுகம்மது' என்று பெயர் வெட்டியிருந்தது. அவர் பக்கத்து வீட்டுக்காரர்.

"இது இரவல் சாமானா?"

சபூறா தலையைக் குனிந்தார். "போர்வை றம்ஸியாட. ரேடியோ கமீலாட. அசர் தொழுகைக்கு முன்ன எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும். கெதியா எடு."

ஸலாஹுதீன் கெமராவை மூடினான். போன வருஷம் இப்படி ஒரு படத்தை நம்பிச் சம்பந்தம் பேசிய அட்டாளைச்சேனைக்காரர்கள், கடைசியில் ஸ்டூடியோவுக்கு வந்து இவன் சட்டையைத்தான் பிடித்தார்கள். சூடு கண்ட பூனை அவன்.

"நான் எடுக்க மாட்டேன் மாமி."

"அல்லாஹ்வுக்காக எடு மனே. எனக்கு வேற வழியில்ல."

உள்ளறையைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். கலியாணத்துக்கு இருக்கும் குமர்ப்பிள்ளையின் காதில் விழுந்துவிடக் கூடாதே.

"பொய்யக் காட்டிக் கலியாணம் முடிச்சா, நாளைக்கு மாப்பிள்ளை விட்டுட்டுப் போயிருவான். உங்கட மகள்ட வாழ்க்கைதான் நாசமாப் போகும்."

சபூறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பையைத் தோளில் மாட்டினான்.

"மாப்பிள்ளையே இன்னும் பேசல்ல மனே" என்றார் சபூறா. "மகள் றாஹிலா குவைத்துக்கு வீட்டு வேலைக்கெண்டு போய் நாலு வருஷம். அனுப்பின காசெல்லாம் அவட வாப்பாட வருத்தத்துக்கு மருந்து வாங்கியே போச்சு. அது அவளுக்குத் தெரியா."

ஸலாஹுதீன் வாசலில் நின்றுவிட்டான்.

"அந்த வீட்டுல அவளுக்கு அடிக்கிறாங்களாம், அங்க இருந்து வந்தவங்க சொல்றாங்க. வந்திரு மகள் எண்டா, கலியாணச் சாமானெல்லாம் வாங்கி முடியட்டும் உம்மா எங்கிறாள்."

வெறும் கையை மேசைப் பக்கம் நீட்டினார்.

"எல்லாம் வாங்கியாச்சு எண்டு கண்டாத்தான் அவள் வருவாள் மனே."